கேள்வி–பதில்: பருவுக்குப் போடும் மாத்திரைக்குக் கல்லீரல் டெஸ்ட் எதற்கு?

"வைட்டமின் ஏ கண்ணுக்கு நல்லது" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நம்மில் பலருக்கு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பாடத்தின் மிச்சத்தைக் கேட்கின்றன. மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடமே இதுதான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க இதற்கே கொடுத்திருக்கிறேன்.

என் மகளுக்கு வயது 19. முகமெல்லாம் சீழ்ப்பரு. தோல் டாக்டர் ஐசோடிரெடினாயின் மாத்திரை எழுதியிருக்கிறார். ஆரம்பிக்கும் முன் கல்லீரல் டெஸ்ட்டும் கொழுப்பு டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார். பரு இருப்பது முகத்தில். கல்லீரலை எதற்குப் பார்க்க வேண்டும்? தேவையில்லாத செலவா?
— ஒரு தாய், கோவில்பட்டி

தேவையான செலவுதான் அம்மா. தயங்காமல் எடுத்துவிடுங்கள். ரத்தம் கொடுக்கும்போது வெறும் வயிற்றில் போகட்டும்.

ஐசோடிரெடினாயின், வைட்டமின் ஏ-யின் வழியில் வந்த மருந்து. 13-சிஸ் ரெட்டினாயிக் அமிலம் என்பது அதன் வேதிப்பெயர். உள்ளே போனதும் அதில் ஒரு பகுதி லேசாக வடிவம் மாறி, ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் ஆகிறது. இந்தப் பொருள் நமக்குப் புதிதல்ல. சாப்பாட்டில் வரும் வைட்டமின் ஏ-யிலிருந்து நம் உடம்பே அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்வதுதான். செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.-வின் மேல் காத்திருக்கும் ஏற்பிப் புரதங்களோடு அது சேர்கிறது. சேர்ந்த பிறகு சில ஜீன்கள் வேலையைத் தொடங்கும், சில அடங்கும். அதாவது, ரத்தத்துக்குச் சத்து சேர்ப்பது போன்ற வேலை இல்லை இது. ஒரு ஹார்மோன் செய்யும் வேலை.

உங்கள் மகளுக்கு வேண்டிய பலன் தோலில் இருக்கிறது. அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கும், பரு அடங்கும். ஆனால் வாய்வழி போட்ட மாத்திரை முகத்துக்கு மட்டும் போகாது. குடலிலிருந்து கல்லீரலுக்குத்தான் முதலில் போகிறது. அங்கே உள்ள செல்களிலும் அதே ஏற்பிகள் இருக்கின்றன.

கல்லீரல் செல்லில் அபோ சி-3 என்ற புரதத்துக்கான ஜீன் ஒன்று உண்டு. வைட்டமின் ஏ வழியில் வந்த ரெட்டினாய்டு மருந்துகள் அந்த ஜீனைத் தூண்டிவிடுகின்றன என்று 1998-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ரத்தத்தில் சுற்றும் டிரைகிளிசரைடு கொழுப்பை உடைத்தெடுக்கும் என்சைமை இந்த அபோ சி-3 தடுக்கும். தடுத்தால் கொழுப்பு ரத்தத்திலேயே தேங்கும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சிலருக்கு டிரைகிளிசரைடு ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரும்பாலானவர்களுக்கு அளவோடு நின்று, மருந்தை நிறுத்தியதும் இறங்கிவிடும். மிக அதிகமாக ஏறினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. டாக்டர் முதலிலேயே ஓர் அளவு எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

உங்களிடம் இன்னும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சாப்பிட்ட உடனே போடச் சொல்லுங்கள், கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். கூடவே வைட்டமின் ஏ உள்ள வேறு எந்த மாத்திரையும் வேண்டாம். வேறொரு மருத்துவர் டாக்ஸிசைக்ளின் எழுதினால், இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் வாங்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடலாம். எல்லாவற்றுக்கும் மேல், இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது கரு உண்டானால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் வரக்கூடும். மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை இது பொருந்தும். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் தேதி குறிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். உங்கள் மகள் வளர்ந்த பெண். அவளிடம் நேராகவே சொல்லலாம்.

நான் உயிர்வேதியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். ரெட்டினாயிக் அமிலம் ஒரே மூலக்கூறு. அது எப்படிக் கல்லீரலில் இத்தனை ஜீன்களைக் கட்டுப்படுத்துகிறது? ஆர்.ஏ.ஆர்., ஆர்.எக்ஸ்.ஆர். என்று இரண்டு ஏற்பிகள் எதற்கு? பாடப் புத்தகத்தில் ஒரே பத்தியில் முடித்துவிட்டார்கள்.
— ஒரு மாணவர், திருநெல்வேலி

தம்பி, ஒரு பத்தியில் முடிகிற விஷயம் இல்லை இது. இந்த இதழில் எனக்குக் கிடைத்த இடத்தில் பெரும்பங்கை உனக்கே கொடுக்கிறேன்.

1987-ல் ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வகங்கள் ரெட்டினாயிக் அமிலத்துக்கான ஏற்பியை, அதாவது ஆர்.ஏ.ஆர்.-ஐ, கண்டுபிடித்தன. ஒன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பியர் ஷாம்போன் நடத்தியது. மற்றொன்று அமெரிக்காவில் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் நடத்தியது. ஸ்டீராய்டு ஹார்மோன்களின் ஏற்பிகளும் தைராய்டு ஹார்மோனின் ஏற்பியும் எந்தக் குடும்பமோ, இதுவும் அதே குடும்பம் என்று தெரிந்தது. அதுவரை வைட்டமின் என்று மட்டும் நினைத்திருந்த ஒன்று ஹார்மோன்களோடு போய் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மூன்று ஆண்டுகள் கழித்து எவன்ஸ் குழு ஆர்.எக்ஸ்.ஆர். ஏற்பியைக் கண்டுபிடித்தது.

ஆர்.ஏ.ஆர். தனியாக டி.என்.ஏ.-வில் உறுதியாக ஒட்டாது. ஆர்.எக்ஸ்.ஆர். கூட்டுச் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்த ஜோடி டி.என்.ஏ.-வில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடுகிறது. ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்பதோ, அதற்கு நெருங்கியதோ இரண்டு முறை வர வேண்டும். நடுவில் எத்தனை எழுத்து இடைவெளி என்பதில்தான் அழகே இருக்கிறது. ஐந்து எழுத்து இடைவெளி இருந்தால் ஆர்.ஏ.ஆர். ஜோடி நன்றாக உட்காரும். நான்கு என்றால் தைராய்டு ஏற்பி. மூன்று என்றால் வைட்டமின் டி ஏற்பி. எழுத்து ஒன்றுதான், இடைவெளி மாறினால் ஆள் மாறுகிறார். 1991-ல் எவன்ஸ் ஆய்வகத்திலிருந்து இது வெளிவந்தது. விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும் முதலில் விதியை மனத்தில் பதித்துக்கொள்.

ரெட்டினாயிக் அமிலம் வராத நேரத்திலும் அந்த ஜோடி அங்கேயேதான் இருக்கும். அப்போது அதனோடு என்-கோர், ஸ்மர்ட் போன்ற ஒடுக்கும் புரதங்கள் ஒட்டியிருக்கும். அவை, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை அகற்றும் என்சைம்களை அழைத்து வரும். டி.என்.ஏ. இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளும், ஜீன் வாய் திறக்காது. அமிலம் வந்து ஆர்.ஏ.ஆர்.-இன் குழிக்குள் பொருந்தியதும் ஏற்பியின் கடைசிச் சுருள் மடங்குகிறது. ஒடுக்கும் புரதங்கள் விலகி, ஊக்குவிக்கும் புரதங்கள் வருகின்றன. ஹிஸ்டோன்களில் அசிட்டைல் ஏறுகிறது, டி.என்.ஏ. தளர்கிறது, ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், அமிலம் "ஜீனைத் தூண்டுகிறது" என்று மட்டும் எழுதாதே. ஒடுக்கி வைத்திருந்த ஏற்பியையே ஊக்குவிக்கும் ஏற்பியாக மாற்றுகிறது என்று எழுது.

இப்போது கல்லீரலுக்கு வருவோம். அங்கே ரெட்டினாயிக் அமிலத்துக்கு மிக வேகமாகப் பதில் சொல்லும் ஜீன், சி.ஒய்.பி.26ஏ1. அந்த ஜீன் தரும் என்சைம் செய்யும் வேலை என்ன தெரியுமா? ரெட்டினாயிக் அமிலத்தையே ஆக்ஸிஜனேற்றி அழிப்பது! வைட்டமின் ஏ குறைபாடு உள்ள எலியின் கல்லீரலில் இந்த ஜீனின் ஆர்.என்.ஏ. கிட்டத்தட்டக் காணவே காணாது. ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தால் சில மணி நேரத்தில் பெருகிவிடும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ராஸ் குழு இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. இந்த ஜீனுக்கு முன்னால் ஓர் இடத்தில் மட்டும் அல்ல, பல இடங்களில் ஆர்.ஏ.ஆர். ஜோடி உட்காரும் வரிசைகள் இருக்கின்றன. ஜீனுக்குப் பக்கத்தில் ஒன்று, சுமார் 2,000 எழுத்துக்கு அப்பால் இன்னும் சில. எல்லாம் சேர்ந்து செயல்படுவதால்தான் அந்த வேகம் என்று, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதக் கல்லீரல் செல்களான ஹெப்ஜி2 செல்களில் காட்டினார்கள்.

அதே அமிலம் கல்லீரலில் இன்னொரு ஜீனையும் எழுப்புகிறது: எல்ராட். அது தரும் என்சைம், ரெட்டினாலை (வைட்டமின் ஏ-யின் அடிப்படை வடிவம்) கொழுப்பமிலத்தோடு இணைத்துச் சேமிப்புக்கு அனுப்புகிறது. இரண்டையும் சேர்த்துப் பார். அமிலம் கூடினால் ஒரு பக்கம் அமிலம் அழிகிறது, மறுபக்கம் அமிலமாக மாறக்கூடிய ரெட்டினால் சேமிப்புக்குப் போய்விடுகிறது. அமிலம் குறைந்தால் இரண்டு ஜீன்களும் அடங்கி, இருப்பது மிஞ்சுகிறது. தன் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. கரும்பலகையில் இந்த இரண்டு அம்புக்குறிகளையும் வரைந்து முடித்துத் திரும்பும்போது, கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைகூட நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்.எக்ஸ்.ஆர். எதற்கு என்று கேட்டாய் அல்லவா? அது ஆர்.ஏ.ஆர்.-க்கு மட்டும் துணை இல்லை. கல்லீரலில் கொழுப்பை எரிக்கும் ஜீன்களைப் பார்த்துக்கொள்ளும் பிபார்-ஆல்ஃபா, கொலஸ்ட்ராலைக் கவனிக்கும் எல்.எக்ஸ்.ஆர்., பித்த அமிலத்தைக் கவனிக்கும் எஃப்.எக்ஸ்.ஆர்., மருந்துகளை உடைக்கும் என்சைம்களை எழுப்பும் பி.எக்ஸ்.ஆர். எல்லாமே ஆர்.எக்ஸ்.ஆர்.-ஓடு ஜோடி சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஆர்.எக்ஸ்.ஆர்.-ஐ நேரடியாகத் தூண்டும் பெக்ஸரோட்டின் என்ற மருந்து தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்குத் தரப்படுகிறது. அதைச் சாப்பிடுபவர்களுக்கு டிரைகிளிசரைடு கடுமையாக ஏறும், தைராய்டு அளவு இறங்கும். காரணம் உனக்கே இப்போது பிடிபடும்.

இன்னொன்று. இந்த ஏற்பிகள் டி.என்.ஏ.-வைப் பிடிக்கும் பகுதி துத்தநாக அணுக்களைச் சுற்றி மடிந்தது. அந்தத் துத்தநாகம் இல்லாவிட்டால் பிடியே இல்லை. உன் பேராசிரியரிடம் அதன் படத்தைக் காட்டச் சொல்.

அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறோம். ஓர் அப்பா, "இரண்டு லட்சம் யூனிட்டா? பெரியவங்களுக்கே பத்தாயிரத்துக்கு மேல் கூடாதுன்னு போட்டிருக்கே" என்று மறுத்துவிட்டார். என்ன சொல்லட்டும்?
— ஓர் அங்கன்வாடிப் பணியாளர், தர்மபுரி

அந்த அப்பா கேட்டது நல்ல கேள்வி, தங்கச்சி. கோபப்படாமல் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்தாயிரம் யூனிட் என்பது தினமும் தொடர்ந்து சாப்பிடுவதற்கான உச்சவரம்பு. இரண்டு லட்சம் யூனிட் என்பது 60 மில்லிகிராம் ரெட்டினால். சின்னக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 400 மைக்ரோகிராம். வகுத்துப் பார்த்தால் ஐந்து மாதத் தேவை வருகிறது. கொடுத்தது முழுவதும் உறிஞ்சப்படுவதும் இல்லை.

ஐந்து மாதத்துக்கானதை ஒரே நாளில் கொடுத்தால் எங்கே போகும்? அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி, அடுத்த அறுவடைவரை அளந்து எடுப்பதுபோல, கல்லீரலில் அதற்கென்றே செல்கள் இருக்கின்றன. 1876-ல் குப்ஃபர் என்ற ஜெர்மன் அறிஞர் நட்சத்திர வடிவில் இருப்பதாக வரைந்து வைத்தவை அவை. கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுதான் இருக்கும். ஆனால் உடம்பில் உள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பங்கு அவற்றில்தான் சிறு கொழுப்புத் துளிகளாக இருக்கிறது. எலியின் கல்லீரல் சீவலைப் புற ஊதா ஒளியில் நுண்ணோக்கி வழியாக நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துளிகள் நீலப் பச்சையாக ஒளிரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில நொடிகளில் மங்கிவிடும். சாயம் எதுவும் போடவில்லை, அது வைட்டமின் ஏ-யின் சொந்த ஒளி.

தேவைப்படும்போது ரெட்டினால் வெளியே வரும். கல்லீரல் செல் தயாரிக்கும் ஒரு தனிப்புரதம் அதைச் சுமந்து ரத்தத்துக்குள் போகும். ரெட்டினால் கிடைக்காவிட்டால் அந்தப் புரதம் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். இருப்பு ஒரு கிராம் கல்லீரலுக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கும்வரை ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டும். "டெஸ்ட்டில் நார்மல், எதற்குச் சொட்டு?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கதையையும் சொல்லுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. சுமார் 15,000 குழந்தைகள். வாரம் ஒருமுறை 8,333 யூனிட், அதாவது சாப்பாட்டில் கிடைக்கக்கூடிய சிறிய அளவு. அதைப் பெற்ற குழந்தைகளில் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. 1990-ல் அந்த முடிவு வெளியானபோது கண்ணுக்கான சத்து உயிருக்கான சத்தும்தான் என்பதற்கு நம் கிராமத்துக் குழந்தைகளே சான்றாக நின்றார்கள். அந்தப் பெற்றோர்களை நினைத்தால் இன்றும் எனக்கு நன்றி உணர்ச்சி பொங்குகிறது.

அட்டையில் தேதியை மறக்காமல் எழுதுங்கள். ஒன்பது மாதத்தில் ஒரு லட்சம், பிறகு ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம். வேறு ஊரில் கொடுத்திருந்தால் மறுபடி கொடுக்க வேண்டாம். சில குழந்தைகளுக்கு ஓரிரு நாள் வாந்தியோ தலைவலியோ வரலாம், தானே சரியாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயது 71. தினமும் முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட். வைட்டமின் ஏ கூடினால் கல்லீரல் கெடும் என்கிறார் நடைப்பயிற்சி நண்பர். குறைக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

வேண்டாம் ஐயா, சாப்பிடுங்கள். கீரையிலும் பழத்திலும் இருப்பது பீட்டா கரோட்டின். குடல்தான் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றுகிறது, அதுவும் தேவைக்குத் தக்கபடி. உடம்பில் போதுமான அளவு இருந்தால், ரெட்டினாயிக் அமிலம் குடல் செல்லில் ஐ.எஸ்.எக்ஸ். என்ற ஜீனை எழுப்பும். அந்த ஜீன், கரோட்டினை உள்ளே இழுக்கும் புரதத்தையும் அதை வெட்டும் என்சைமையும் அடக்கிவிடும். உள்ளங்கை மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கண் வெள்ளையும் மஞ்சளானால் மட்டும் அது மஞ்சள் காமாலை, உடனே டாக்டரைப் பாருங்கள். கீரையைக் கொஞ்சம் எண்ணெயில் தாளித்துச் சாப்பிட்டால் கரோட்டின் நன்றாகச் சேரும்.

ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. குடிப்பழக்கம் உண்டு. கெட்டுப்போன கல்லீரலில் வைட்டமின் ஏ குறைந்துவிடும் என்று படித்தேன். மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் கல்லீரல் தேறுமா?
— ஒரு வாசகர், ஈரோடு

நீங்கள் படித்தது உண்மை, தம்பி. எடுத்த முடிவு ஆபத்தானது.

குடிப்பவர்களின் கல்லீரலில் வைட்டமின் ஏ இருப்பு வெகுவாகக் குறைகிறது என்று 1982-லேயே லியோ, லீபர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தவர்களிடமும் கல்லீரலில் இருப்பு வற்றியிருந்தது. மேலே நான் சொன்ன நட்சத்திரச் செல்கள், கல்லீரல் தொடர்ந்து காயப்படும்போது தம் துளிகளை இழக்கின்றன. இழந்ததோடு நிற்காமல் குணமே மாறி, கொலாஜன் நார்களை உண்டாக்கத் தொடங்குகின்றன. கல்லீரல் தழும்பேறி இறுகுவது இப்படித்தான். துளிகளை இழந்ததால் மாறினவா, மாறியதால் இழந்தனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை.

இந்த நிலையில் வைட்டமின் ஏ மாத்திரை உள்ளே போனால் என்ன ஆகும்? இருப்பு வைக்கும் செல் சரியாக இல்லை. சாராயம் தூண்டிவிட்ட கல்லீரல் என்சைம்கள் ரெட்டினாயிக் அமிலத்தைத் தாறுமாறாக உடைக்கின்றன. சாராயத்தோடு சேர்ந்தால் வைட்டமின் ஏ-யின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. வைட்டமின் ஏ மட்டுமே அதிகமானாலும் இதே தழும்பை உண்டாக்கும். பீட்டா கரோட்டின் மாத்திரையும் வேண்டாம். நீங்கள் சிகரெட் பிடிப்பவராகவும் இருந்தால் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது.

குடியை நிறுத்துங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். ஃபேட்டி லிவர் கட்டத்தில் கல்லீரல் திரும்பித் தேறும் வாய்ப்பு பெரியது. இப்போது கடிதம் எழுதிக் கேட்கத் தோன்றிய மனசு உங்களுக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல நாள் குடித்தவர் திடீரென்று தனியாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். அதனால் மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள்.

மருமகள் இரண்டு மாத கர்ப்பம். ரத்தம் குறைவு என்றார்கள். தினமும் ஆட்டு ஈரல் செய்து கொடுக்கிறேன். என் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காட் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் தருகிறேன். சரிதானே?
— ஒரு மாமியார், விருதுநகர்

உங்கள் அக்கறை புரிகிறது அம்மா. ஆனால் இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். நான் மேலே எழுதியது எல்லாம் ஆட்டுக்கும் மீனுக்கும் பொருந்தும். அவையும் வைட்டமின் ஏ-யை ஈரலில்தான் சேர்த்து வைக்கின்றன. 100 கிராம் ஈரலே கர்ப்பிணிக்கான நாள் வரம்பான 3,000 மைக்ரோகிராமைத் தாண்டிவிடக் கூடும். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் முகம், இதயம், முதுகுத்தண்டு உருவாகின்றன. எந்த ஜீன் எந்த இடத்தில் எழ வேண்டும் என்பதில் ரெட்டினாயிக் அமிலத்துக்கு அங்கே பெரிய பங்கு. அளவு மிஞ்சினால் அந்த ஒழுங்கு குலையும்.

இதுவரை கொடுத்துவிட்டோமே என்று கலங்க வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மகப்பேறு மருத்துவரிடம் எத்தனை நாள், எவ்வளவு என்று சொல்லுங்கள், அந்த மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். ரத்தக் குறைவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஃபோலிக் அமில மாத்திரையையும், டாக்டர் சொல்லும் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் கொடுங்கள். அசைவம்தான் சமைத்துத் தர வேண்டும் என்றால், கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்குங்கள். அது மண்ணீரல், இரும்பு நிறைய உண்டு, ஈரலைப் போல வைட்டமின் ஏ சேர்த்து வைக்காது. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.